பட்டியலில் பேர்

(தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 அன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது ஓரிரு இடங்களில் விரித்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, மகளிர் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, இந்தக் கூடத்துக்கு ஐம்பது நாற்காலிகள் வாங்கிக் கொடுத்த வணிகர் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் வரலாறு நடத்திய என் ஆசிரியர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் என் வணக்கம். நீதிபதி ஐயா முன்னால் சட்டம் பேசப்போகிறேன். பிழை இருந்தால் கூட்டம் முடிவதற்குள் எழுந்து திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம். அடிமையாய் இருந்த மக்களின் வாக்குரிமைக்குப் பாதுகாப்பு தந்த திருத்தம். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அந்தத் திருத்தம் எப்படிப் பிறந்தது என்பது ஒன்று. பிறந்தபின் அதை எப்படி முடக்கினார்கள் என்பது இன்னொன்று. அந்தத் திருத்தத்தில் பெண்களை ஏன் விட்டார்கள், அதனால் 1869-இல் அமெரிக்கப் பெண் வாக்குரிமை இயக்கமே ஏன் இரண்டாக உடைந்தது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான்.

அடிமை முறையை விடாத தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865. அதே ஆண்டு டிசம்பரில் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஏறத்தாழ 40 லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள். 1868-இல் 14-ஆவது திருத்தம் அவர்களைக் குடிமக்கள் ஆக்கியது. ஆனாலும் வாக்கு? தாமே அடிமையாய் இருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், போர் முடிந்த கையோடு 1865 மே மாதத்திலேயே சொன்னார், கறுப்பின மனிதன் கையில் வாக்குச் சீட்டு வரும்வரை அடிமை முறை ஒழிந்ததாக ஆகாது என்று. 1869 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 15-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1870 பிப்ரவரி 3-இல் போதுமான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. அதன் வாசகம் சின்னது. ஐக்கிய அமெரிக்கக் குடிமக்களின் வாக்குரிமையை இனம், நிறம், முன்பு அடிமையாய் இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி நடுவண் அரசோ எந்த மாநிலமோ மறுக்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதை நடைமுறைப்படுத்தச் சட்டம் செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. அவ்வளவுதான்.

"முன்பு அடிமையாய் இருந்த நிலை." இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

திருத்தம் செல்லுபடியாகிவிட்டது என்று அரசு அறிவித்தது மார்ச் 30. மறுநாளே நியூ ஜெர்சி மாநிலத்தில் பெர்த் அம்பாய் என்ற ஊரில் தாமஸ் மண்டி பீட்டர்சன் என்ற கறுப்பினத்தவர் போய் வாக்களித்தார். உள்ளூர் நிர்வாக சாசனம் பற்றிய சின்னத் தேர்தல். அவர் பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். 1884-இல் ஊர் மக்கள் அவருக்கு ஒரு பதக்கம் செய்து போட்டார்கள்.

இப்போது ஒரு கதை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெற்குக் கரோலினாவில் பியூஃபோர்ட் என்ற ஊரில் 1839-இல் ராபர்ட் ஸ்மால்ஸ் பிறக்கிறார். பிறக்கும்போதே அடிமை. பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கூலிக்கு அனுப்பப்படுகிறார். கூலி அவர் வாங்குவது, பணம் எசமானுக்கு. வளர்ந்து கப்பல் ஓட்டத் தெரிந்தவர் ஆகிறார். 'பிளாண்டர்' என்று ஒரு நீராவிக் கப்பல். பருத்தி ஏற்றியது, போர் வந்ததும் தென்பகுதிப் படைக்குப் பீரங்கியும் வெடிமருந்தும் ஏற்றுகிறது. 1862 மே 12 இரவு வெள்ளை அதிகாரிகள் மூன்று பேரும் கரைக்குப் போய்விட்டார்கள். கப்பலில் இருப்பவர்கள் எல்லாம் அடிமைகள். ஸ்மால்ஸுக்கு வயது 23.

விடிவதற்கு முன் கப்பலைக் கிளப்புகிறார். நேராகக் கடலுக்குப் போகவில்லை ஐயா. முதலில் இன்னொரு துறைக்குப் போய், அங்கே ஒளிந்திருக்கும் மனைவி ஹன்னாவையும் குழந்தைகளையும் மற்றவர்களின் குடும்பங்களையும் ஏற்றுகிறார். நான் மட்டும் தப்பினால் போதும் என்று நினைக்கவில்லை பாருங்கள்! பிறகு கப்பல் தலைவன் போட்டுக்கொள்ளும் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார். அந்த வெள்ளைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பானோ அப்படியே நிற்கிறார். வழியில் கோட்டைகள். ஒவ்வொன்றிலும் பீரங்கி. கடைசியில் சம்டர் கோட்டை, போரின் முதல் குண்டு விழுந்த கோட்டை. அங்கே ஊதல் ஒலியால் குறிப்புச் சொன்னால்தான் விடுவார்கள். எத்தனை நாள் அந்தக் கப்பலை ஓட்டியிருக்கிறார்! சரியான குறிப்பை ஊதுகிறார். போகலாம் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே பெண்கள் குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. பீரங்கி எட்டாத தூரம் போனதும் தென்பகுதிக் கொடியை இறக்கி, ஹன்னா கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றுகிறார்கள். எதிரே வடபகுதிக் கப்பல் சுடத் தயாராக நிற்கிறது. விரிப்பைப் பார்த்துவிட்டது. பிழைத்தார்கள்.

வெகுமதியாக அவருக்கு 1,500 டாலர் கிடைத்தது. வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த ஒரு வீட்டைப் பிறகு விலைக்கு வாங்கினார். எந்த வீடு தெரியுமா? அவரை அடிமையாக வைத்திருந்த எசமானின் வீடு! (கைதட்டல்.) 1868-இல் தெற்குக் கரோலினாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று அங்கே கேட்டார். பின்னர் பலமுறை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலைக் கடத்திய இரவில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுதலைக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார். இது முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

15-ஆவது திருத்தத்தை எழுதும்போதே காங்கிரசின் மேலவையான செனட்டில் ஹென்றி வில்சன் ஒரு வாசகம் கொடுத்தார். நிறத்தோடு சொத்து, கல்வி, சமய நம்பிக்கை ஆகியவற்றைக் காட்டியும் வாக்கை மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. அதைக் கைவிட்டுவிட்டு, குறுகிய வாசகத்தையே வைத்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் வந்தது. போருக்குப் பின் தெற்கில் நிறுத்தியிருந்த நடுவண் படையின் காவல் 1877-க்குப் பிறகு போனதும் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தம் அரசியல் சட்டத்தை மாற்றி எழுதின. 1890-இல் மிசிசிப்பி: வாக்களிக்க வேண்டுமானால் தலைவரி 2 டாலர் கட்ட வேண்டும், அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று யார் முடிவு செய்வது? பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை அதிகாரி. சட்டத்தில் எங்கேயாவது நிறம் என்ற சொல் இருக்கிறதா? இல்லை. 1898-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான்!

லூசியானா அதே 1898-இல் 'தாத்தா விதி' கொண்டுவந்தது. 1867 ஜனவரி 1 அன்று நீயோ உன் அப்பாவோ தாத்தாவோ வாக்காளராக இருந்திருந்தால் உனக்குத் தேர்வு வேண்டாம். அந்த நாளில் அங்கே கறுப்பின மக்களில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. 1896-இல் லூசியானாப் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர். எட்டே ஆண்டு. ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் சாகாமலே பட்டியலிலிருந்து போனார்கள்.

தெற்குக் கரோலினா தன் அரசியல் சட்டத்தை மாற்றி எழுத 1895-இல் உட்கார்ந்தது. 160 உறுப்பினர்கள், அதில் கறுப்பினத்தவர் 6 பேர். அந்த ஆறில் ஒருவர் நம் ராபர்ட் ஸ்மால்ஸ். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லையேல் 300 டாலர் மதிப்புச் சொத்து வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். கோட்டைகளைக் கடந்து கப்பலைக் கொண்டுவந்த அந்த 23 வயது இளைஞனுக்கு அந்த விதியின்படி வாக்கு கிடையாது! அவர் எழுந்து பேசினார். என் இனத்துக்குச் சிறப்பு வாதம் எதுவும் தேவையில்லை, வாழ்க்கைப் போராட்டத்தில் சம வாய்ப்பு கொடுத்தால் போதும் என்றார். தோற்றார். 1915 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஓக்லஹோமா வழக்கில் உச்ச நீதிமன்றம் தாத்தா விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. நாலு மாதம்.

தலைவரி, 1944-இல் வந்த டெக்சாஸ் தீர்ப்பு, 1964-இல் வந்த 24-ஆவது திருத்தம், இவற்றையெல்லாம் சொல்ல நேரம் போதாது. 1965 மார்ச் 7-இல் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி. ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம். அந்தச் சட்டம் செய்த காரியத்தைப் பாருங்கள். பதிவு மேசையில் நடுவண் அரசு தன் ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. பூசாரியை மாற்றியது. மிசிசிப்பியில் அதற்கு முன் கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. 1967-இல் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர்! 15-ஆவது திருத்தத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதியை உச்ச நீதிமன்றம் முடக்கியது. அதைப் பற்றி நீதிபதி ஐயாவைத் தனியே ஒரு நாள் பேசச் சொல்ல வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

நமக்கும் இதற்கும் என்ன என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தத் திருத்தம் வந்து மூன்றே ஆண்டில், 1873-இல், சாதிக் கொடுமையை எதிர்த்த மகாராஷ்டிரத்து மகாத்மா புலே தம் 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நம் அரசியல் சட்டத்தின் 325-ஆவது உறுப்பு சமயம், இனம், சாதி, பாலினம் காட்டி வாக்காளர் பட்டியலில் ஒருவர் பேரைச் சேர்க்காமல் விடக் கூடாது என்கிறது. பட்டியல் என்ற சொல்லையே அதில் போட்டிருக்கிறார்கள் ஐயா! அடுத்த உறுப்பு, வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்கிறது. வில்சனுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்தது.

ஆனால் நம்மிடமும் "முன்பு அடிமையாய் இருந்த" மக்கள் இருக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுவிக்கப்பட்டு, விடுதலைச் சான்றிதழ் வாங்கிய குடும்பங்கள். நான் ஏழு ஆண்டாக அவர்களோடுதான் அலைகிறேன். செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த ஒரு அக்கா, விடுதலையாகி ஊர் திரும்பி, முதல் தேர்தலுக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார். கையில் அடையாள அட்டை. பட்டியலில் பேர் இல்லை. இடம் பெயர்ந்தவர் என்று நீக்கியிருக்கிறார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். "அப்ப நான் இந்த ஊரு இல்லியா சார்?" என்று கேட்டார். அந்த அலுவலருக்கும் பதில் இல்லை, எனக்கும் இல்லை. எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

அவர் இந்த ஊர்தான். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆவது பிரிவு: தற்காலிகமாக வெளியூர் போனதனால் மட்டும் ஒருவர் தம் இருப்பிடத்தை இழப்பதில்லை. பொங்கல் முடிந்து சூளைக்குப் போய் ஆடி மாதம் திரும்புகிறவர் தற்காலிகமாகத்தானே போகிறார்? 2021-இல் சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. 2024-இல் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 19. இரண்டும் கல் அறுக்கிற காலம். வாக்களிக்கும் நாளில் கூலியோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்தச் சூளையில் கொடுக்கிறார்கள்? மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து போக யார் விடுகிறார்கள்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான்!

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவதாகச் சொல்ல வந்த பெண் வாக்குரிமைச் செய்தியை முதல்வர் அம்மா தம் கல்லூரியில் பேச அழைத்தால் அங்கே வந்து சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வாரம் எங்கள் பக்கம் இரண்டு லாரி நிறையக் குடும்பங்கள் சூளைக்குப் போய்விட்டன. அவர்கள் ஆடியில் திரும்பி வரும்போது, பட்டியலில் பேர் சேர்க்கும் படிவம் 6 நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இப்போது ஜூலை 1, அக்டோபர் 1 கணக்கிலும் 18 வயது நிரம்பியவர்களைச் சேர்க்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆகும். எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறேன். போகும்போது அந்த வீட்டுக்காரர் பேரும் தெருவும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா கட்டியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நான் அங்கேதான் நிற்பேன்.

நன்றி. வணக்கம்.