மேசையில் எழுதாமல் போன ஆட்டங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மாநில அணி வரை சென்று ஆடிய எங்கள் மூத்த ஆட்டக்காரர் ஐயா அவர்களே, வெயிலில் நின்று விசில் ஊதிய நடுவர்களே, பெற்றோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். முதல்வர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. மழை பிடித்த அன்று உள்ளரங்கைத் திறந்துவிட்டார்கள். அதனால்தான் அரையிறுதி தள்ளிப்போகவில்லை. தலைவர் ஐயா உடம்பு முடியாத நிலையிலும் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடர்களில் ஆகச் சிறந்த ஆட்டம் யாருடையது, அதை எண்களை வைத்துச் சொல்ல முடியுமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் பேசுகிறேன். எண்கள் எதை அளக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன, அப்புறம் நம் ஸ்கோர் மேசை. நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

விசாரிப்போம். 1993-இல் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிராக மைக்கேல் ஜோர்டன் எடுத்த சராசரி 41 புள்ளி. இறுதித் தொடரில் அதைத் தாண்டிய ஆள் இன்றுவரை இல்லை. 2000-இல் ஷகீல் ஓ'நீல் 38 புள்ளியும் 16.7 ரீபவுண்டும், அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்ததும். 2016-இல் லெப்ரான் ஜேம்ஸ் 29.7 புள்ளிதான். ஆனால் புள்ளி, ரீபவுண்ட், கூட்டாளி கூடை போட பந்து கொடுக்கும் அசிஸ்ட், எதிரணியிடம் பந்தைப் பறிக்கும் ஸ்டீல், ஷாட்டைத் தட்டிவிடும் பிளாக் ஐந்திலும் இரண்டு அணிகளையும் சேர்த்து அவர்தான் முதலிடம். அதுவும் அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்து வந்த கோல்டன் ஸ்டேட் அணியிடம், ஏழு ஆட்டத் தொடரில் 1-3 என்று பின்தங்கியிருந்து அவர் அணி மீண்ட தொடர். புள்ளியை மட்டும் பார்த்தால் ஜோர்டன், எல்லாவற்றையும் பார்த்தால் லெப்ரான். என் ஓட்டு 2016-க்குத்தான்.

ஒரே ஆட்டத்தில் ஒருவர் ஆடியதை அளக்க, கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் ஜான் ஹாலிங்கர் ‘கேம் ஸ்கோர்’ என்று ஒரு கணக்கு வகுத்தார். அசிஸ்டுக்கு 0.7, ஸ்டீலுக்கு 1, பந்தைப் பறிகொடுத்தால் 1 கழிவு, தவறிய ஷாட்டுக்கும் கழிவு. கையில் பேனா இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். எழுதி வைத்த எண்ணின் அருமை தெரிய 1970-க்குப் போக வேண்டும்.

நியூயார்க் நிக்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் மோதிய தொடர். ஐந்தாவது ஆட்டத்தில் நிக்ஸ் கேப்டன் வில்லிஸ் ரீடுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது. ஆறாவது ஆட்டத்தில் அவர் இல்லை. லேக்கர்ஸின் வில்ட் சேம்பர்லைன் 45 புள்ளி போட்டார். லேக்கர்ஸ் ஜெயித்து 3-3. மே 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஏழாவது ஆட்டம். ரீட் வருவாரா மாட்டாரா என்று அரங்கமே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் வார்ம் அப் செய்துகொண்டிருக்கும்போது, தொடையில் ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார் மனிதர். கூட்டம் எழுந்து கத்துகிறது! ஆட்டம் தொடங்கியதும் நிக்ஸின் முதல் இரண்டு கூடைகளையும் அவரே போடுகிறார். அதோடு சரி, அதற்கப்புறம் அவர் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஆனால் பாதி ஆட்டத்திலேயே நிக்ஸ் 69-42. முடிவில் 113-99.

இன்றைக்கும் அந்த ராத்திரியை ‘ரீடின் ஆட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. நான் அவர் வீரத்தை ஒரு இம்மிகூடக் குறைக்க மாட்டேன். ஆனால் அன்று 36 புள்ளியும் 19 அசிஸ்டும் எடுத்தவர் அதே நிக்ஸ் அணியின் வால்ட் ஃப்ரேசியர்! ஏழாவது ஆட்டத்தில் 36, 19! அங்கே இருந்தவர்கள் கண்ணில் நின்றது ரீடின் நொண்டல்; பிறகு வந்தவர்கள் காதில் விழுந்ததும் அதுதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். ஃப்ரேசியருக்கு நியாயம் செய்தது மேசையில் உட்கார்ந்து எழுதியவரின் தாள்.

அந்தத் தாளிலும் ஃப்ரேசியர் பறித்த பந்துகள் இல்லை. ஸ்டீலும் பிளாக்கும் என்பிஏவின் அதிகாரபூர்வக் கணக்கில் வந்ததே 1973-74-இல்தான். இதனால் பெரிய நஷ்டம் பில் ரஸ்ஸலுக்கு. 13 ஆண்டில் 11 பட்டம் வென்றவர், தடுப்பாட்டத்தின் அரசர். இறுதித் தொடரில் அவர் எத்தனை ஷாட்டைத் தட்டிவிட்டார்? எழுதி வைக்கவில்லை. 1962-இல் ஏழாவது ஆட்டத்தில் 40 ரீபவுண்ட் எடுத்தது மட்டும் இருக்கிறது. அதையும் அப்படியே இன்றைய எண்ணோடு வைக்கக்கூடாது. அந்தக் காலத்தில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் நூறு ஷாட்டுக்கு மேல் எறிந்தது, தவறியதும் அதிகம், பிடிக்கக் கிடைத்த பந்தும் அதிகம். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1969-இல், ரஸ்ஸலின் கடைசித் தொடரில்தான் வந்தது. அதுவும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. 2009-இல் அந்த விருதுக்கு ரஸ்ஸலின் பெயரை வைத்தார்கள். அந்த விருதை ஒருமுறைகூட வாங்காத மனிதர் அவர்.

 இப்போது நம் மேசைக்கு வருகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் என்ன இருக்கிறது? புள்ளி, ஃபவுல், டைம் அவுட். ரீபவுண்டுக்கும் அசிஸ்டுக்கும் இடமே கிடையாது. இன்று இறுதி ஆட்டத்தில் எதிரணியின் உயரமான பெண்ணை மடக்கி வைத்த அந்த ஒல்லித் தங்கைக்குத் தாளில் கிடைத்தது மூன்று ஃபவுல் மட்டுமே. அவள் தட்டிவிட்ட பந்துகளை யார் எழுதினார்கள்? மேடையில் இருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஐயாவின் காலத்து ஆட்டங்களுக்கு ஒரு தாள்கூட நம்மிடம் இல்லை. அவர் பெருமையை நாம் வாய்வார்த்தையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தீர விசாரிக்க வேண்டுமென்றால் விசாரிக்க ஏதாவது இருக்க வேண்டாமா?

தலைவர் ஐயாவிடம் கேட்கிறேன். அடுத்த போட்டியிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேசையில் கூடுதலாக இரண்டு பேர் உட்காரட்டும். ஒருவர் ஆட்டத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொல்ல வேண்டும், இன்னொருவர் தலை நிமிராமல் எழுத வேண்டும். முதல்வர் அம்மா உடற்கல்வி மாணவர்களை அனுப்பினால் பழக்கிவிட நான் தயார். எழுதிய தாளை அன்றைக்கே படம் எடுத்துச் சங்கத்துக் கணினியில் ஏற்றிவிடலாம். உட்கார விருப்பமுள்ள தம்பி தங்கைகள் பரிசளிப்பு முடிந்ததும் கிளம்பிவிடாமல் ஸ்கோர் மேசைப் பக்கம் வாருங்கள், மாதிரித் தாள் கொண்டு வந்திருக்கிறேன்.

வணக்கம்.