கணக்கு வேணாம் சார், கட்டம் மட்டும் குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். அரை மணி நேரம்தான்னு கறாரா சொல்லிட்டாங்க, அதனால மேடைல இருக்கறவங்க பேரை வரிசையா வாசிக்கற வேலையை விட்டுடறேன், கோச்சுக்காதீங்க. குறுக்கெழுத்து போடறவங்களுக்கும் கணக்குக்கும் என்ன தகராறுங்கறதுதான் தலைப்பு. நான் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன், காலைல காபியோட ஹிந்து க்ராஸ்வேர்டும் போடறவன், அதாவது ரெண்டு கட்சிலயும் கார்டு வெச்சிருக்கேன்.

குறுக்கெழுத்துக்காரங்க ஒரு விஷயத்தை ரொம்பப் பெருமையா சொல்லிப்பாங்க, சார் எனக்கு பஸில்னா உயிர், ஆனா கணக்கு மட்டும் சுத்தமா ஆகாதுன்னு. அதே ஆளு க்ளூல ஐம்பதுன்னு வந்தா ரோமன் எண்ணுன்னு யோசிக்காம எல் போடுவார், ஐநூறுன்னா டி, ஃபங்ஷன்னு வந்தா லாக்கா காஸா சைனான்னு பாப்பார். சைனுக்கு எழுத்து எஸ் ஐ என், இங்கிலீஷ் வார்த்தையா அப்படியே படிச்சா சின், அதாவது பாவம், கணக்கு பிடிக்காதவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்! இங்கிலீஷ்ல லெவன் ப்ளஸ் டூன்னு எழுதி அந்த எழுத்தை எல்லாம் கலைச்சுப் போட்டா ட்வெல்வ் ப்ளஸ் ஒன் வரும். ரெண்டுக்கும் விடை 13, எழுத்தை எண்ணிப் பாத்தா அதுவும் 13. இதைச் சொன்னா கை தட்டுவாங்க, கூட்டல் கணக்கைப் போய் ரசிக்கறோமேன்னு ஒருத்தருக்கும் கூச்சம் வராது.

இங்கதான் எங்க வாத்தியார் கூட்டம் உள்ள பூந்து கெடுக்கும். பாத்தீங்களா, நீங்க செய்யறதே கணக்குதான், உங்களுக்குத் தெரியலன்னு ஆரம்பிச்சுடுவாங்க. பாகற்காயில வெல்லத்தைப் போட்டு ஊட்டற மாதிரி. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பிடிக்கலன்னு இத்தனை பேர் சொன்னா அதுல ஏதோ நியாயம் இருக்கும், அது என்னன்னு பாக்கலாம்.

லண்டன்ல லிஸ்னர்னு ஒரு குறுக்கெழுத்து இருக்கு. பிபிசி நடத்தின பத்திரிகைல 1930ல ஆரம்பிச்சது, 1991ல பத்திரிகையை மூடினப்புறம் டைம்ஸ் பேப்பர் எடுத்துக்கிட்டாங்க, இப்பவும் சனிக்கிழமை வருது. உலகத்துலயே கஷ்டமான குறுக்கெழுத்துகள்ல ஒண்ணு, டிக்‌ஷனரி இல்லாம கிட்ட போக முடியாது. அதுல வருஷத்துக்கு நாலு வாரம் மட்டும் வார்த்தையே கிடையாது, கட்டம் பூரா நம்பர். வார்த்தைக்காக உயிரை விடற ஆளுங்ககிட்ட நம்பரை நீட்டினா எப்படி இருக்கும்? சிலர் அந்த வாரத்தை அப்படியே தாண்டிடுவாங்க, சிலர் அந்த நாலுக்காகவே காத்துட்டு இருப்பாங்க.

அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு சின்ன துண்டு காட்டறேன். இடமிருந்து வலம் மூணு கட்டம், க்ளூ வெறும் "வர்க்க எண்". 10ல இருந்து 31 வரைக்கும் வர்க்கம் எடுத்தா மூணு இலக்கத்துல மொத்தம் 22 இருக்கு, எதைப் போடறது? இப்ப மேலிருந்து கீழா ஒரு ரெண்டு இலக்கப் பகா எண் இறங்குது, அதோட கடைசி இலக்கம் நம்ம நடுக் கட்டத்துல வந்து உக்காருது. ரெண்டு இலக்கப் பகா எண் 1, 3, 7, 9 இதுல ஒண்ணுலதான் முடியும். அப்ப நடுவுல அந்த நாலுல ஒண்ணு இருக்கற வர்க்கம் எதுன்னு தேடினா 196, 576, 676, அவ்வளவுதான், 22 பேர்ல மூணு பேர் மிச்சம். திருப்பிப் படிச்சாலும் அதே எண்ணுன்னு க்ளூல இன்னொரு வார்த்தை சேத்திருந்தா 676, முடிஞ்சுது. இதுல கஷ்டமான கணக்கு எங்க இருக்கு? எட்டாவது பையன் போடுவான். இருந்தும் முகம் சுளிக்கறாங்கன்னா காரணம் வேற.

நான் நெனைக்கறது இதுதான். குறுக்கெழுத்துல நீங்க ஊகிக்கலாம். பென்சில்ல லேசா ஒரு வார்த்தையை எழுதி வெச்சு, குறுக்க வர்ற வார்த்தை ஒத்துப்போகலன்னா அழிச்சுட்டு வேற போடலாம், யாரும் பாக்கப் போறதில்ல. பள்ளிக்கூடக் கணக்குல ஊகம்னா குத்தம், விடை சரியா இருந்தாலும் ஸ்டெப் எங்கடான்னு முட்டி போட வைப்பாங்க, போர்டுக்குக் கூப்பிட்டு நாப்பது பேர் முன்னாடி நிக்க வைப்பாங்க. இருபது வருஷம் கழிச்சும் கணக்குன்னா வயித்தைக் கலக்குதுன்னா அந்த போர்டுதான் காரணம், எண்கள் பாவம் என்ன பண்ணும். கணக்கு மேதைங்க எல்லாம் மொதல்ல ஊகிச்சுட்டு அப்புறம்தான் நிரூபிக்க உக்காருவாங்க, இதைப் பசங்ககிட்ட மட்டும் யாரும் சொல்றதில்ல.

ரெண்டாம் உலக யுத்த காலத்துல இந்த ரெண்டு கூட்டமும் ஒரே வளாகத்துல உக்காந்து வேலை பாத்திருக்கு. 1942 ஜனவரில டெய்லி டெலிகிராஃப் பேப்பர் ஒரு போட்டி வெச்சது, 12 நிமிஷத்துக்குள்ள குறுக்கெழுத்தை முடிக்க முடியுமான்னு, அவங்க ஆபீஸுக்கே ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு. கலந்துகிட்டவங்கள்ல சிலருக்கு அப்புறம் ராணுவத்துல இருந்து லெட்டர் வந்துது, போனா ப்ளெச்லி பார்க், ஜெர்மன்காரன் எனிக்மா மெஷின்ல அனுப்பற ரகசியத்தை உடைக்கற இடம். இதுல சுவாரசியம் என்னன்னா, யுத்தத்துக்கு முன்னாடி அந்த ரகசியம் உடைக்கற டிபார்ட்மெண்ட்ல மொழி படிச்சவங்களுக்குத்தான் மரியாதை, கணக்குக்காரங்களை எடுக்கவே தயங்கினாங்க, பீட்டர் ட்வின்னுன்னு ஒருத்தர் 1939ல போய்ச் சேர்றாரு, அவருதான் அங்க மொதல் கணித ஆளு. தயங்கின இடத்துக்கே அப்புறம் ட்யூரிங், வெல்ச்மன்னு பெரிய கணக்குக்காரங்க வந்து எனிக்மாவை உடைச்சாங்க.

அங்க நடந்த வேலையைக் கிட்டப் போய்ப் பாத்தா நம்ம பென்சில் வேலையேதான். ஜெர்மன்காரன் தினமும் வானிலை அறிக்கை அனுப்புவான், அதுல வானிலைங்கற வார்த்தை எங்கயாவது இருக்கும்ல? அதை ஊகமா எழுதி, வந்த ரகசிய எழுத்து வரிசைக்குக் கீழ வெச்சு நகர்த்திக்கிட்டே போவாங்க. எனிக்மால ஒரு குறை, எந்த எழுத்தும் அதே எழுத்தா மாறி வராது, ஏ அடிச்சா ஏ வரவே வராது. அப்ப மேலயும் கீழயும் ஒரே எழுத்து நேருக்கு நேர் வந்துச்சுன்னா அந்த இடம் தப்பு, நகர்த்து. தப்பாத இடம் கிடைச்சா அதை வெச்சு ட்யூரிங்கும் வெல்ச்மனும் வடிவமைச்ச, பாம்ப்னு பேர் வெச்ச மெஷின்ல போட்டு மிச்சத்தை ஓட்டிப் பாப்பாங்க. ஊகிக்கறதுக்கு மொழி தெரிஞ்ச ஆளு வேணும், ஊகம் தப்புன்னு சீக்கிரமாக் கண்டுபிடிக்க கணக்கு தெரிஞ்ச ஆளு வேணும், ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் பகல் பூரா உக்காந்து மோட்டுவளையைத்தான் பாத்துட்டு இருந்திருப்பாங்க.

சரி, ஊகத்தை சரிபார்க்க வழியே இல்லன்னா? அதுக்கு நம்ம நாட்டுலயே கதை இருக்கு. 1930கள்ல ஆனந்த விகடன் மாதிரி பத்திரிகைங்க பரிசு குறுக்கெழுத்துப் போட்டி நடத்துச்சு, அப்புறம் பெங்களூர்ல இருந்து ஆர்.எம்.டி.சி. க்ராஸ்வேர்ட்னு பெரிய அளவுல நடந்துச்சு. அந்த மாதிரி போட்டிங்கள்ல க்ளூ எப்படி இருக்கும்னு நானே ஒண்ணு கட்டிச் சொல்றேன். "இது இல்லாத மனிதனை ஊர் மதிக்காது", மூணெழுத்து, கடைசி ரெண்டு கட்டத்துல ணம் நிரப்பியே குடுத்திருக்கு. பணமா, குணமா? ரெண்டுமே பொருந்தும், மொதல் கட்டத்துக்குக் குறுக்க எந்த வார்த்தையும் வராது, விடை நடத்தறவர் கவர்ல சீல் வெச்சு உக்காந்திருக்கு. இப்படி 15 க்ளூ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வழின்னா 32,768 விதமா நிரப்பலாம், அதுல ஒண்ணுக்குத்தான் பரிசு. கணக்கு வேணாம்னு குறுக்கெழுத்துக்கு ஓடி வந்தவர் கூப்பன் கூப்பனா வாங்கி நிரப்பிக்கிட்டு இருந்தாரு, பக்கத்துல ஒரு நிகழ்தகவு தெரிஞ்ச ஆளு இருந்திருந்தா வீட்டுக் காசாவது மிஞ்சியிருக்கும். கடைசில அரசாங்கமே 1955ல சட்டம் போட்டுச்சு, மாசத்துக்கு பரிசு 1,000 ரூபாய்க்கு மேல கூடாது, 2,000 எண்ட்ரிக்கு மேல வாங்கக் கூடாதுன்னு. 1957ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, திறமையை நம்பி இல்லாத போட்டி சூதாட்டம்தான்னு சொல்லிட்டாங்க. குறுக்க வர்ற வார்த்தை இல்லன்னா குறுக்கெழுத்தே லாட்டரி ஆயிடும், சட்டம் சொல்றதுக்கு முன்னாடியே நம்மளுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

சுடோகு பத்தி ஒரு வார்த்தை, இல்லன்னா யாராவது கேப்பீங்க. அதுல கணக்கே இல்லங்க. 1 முதல் 9க்கு பதிலா ஒன்பது காய்கறி படம் போட்டாலும் அதே பஸில்தான். நம்பரைப் பாத்து பயந்தவங்க பயந்ததுதான் மிச்சம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு, க்ளாட் ஷானன். 1948ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து தகவல் தொடர்புக்கு ஒரு கணிதக் கோட்பாடு எழுதறாரு, இன்னைக்கு நம்ம போன் நெட் எல்லாத்துக்கும் அடி அது, அதுக்கு நடுவுல நிறுத்தி குறுக்கெழுத்து பத்தி ஒரு பாரா. எந்த எழுத்தை எந்த வரிசைல போட்டாலும் அது ஒரு வார்த்தைன்னு ஒரு மொழி இருந்தா, எந்தக் கட்டத்தை எப்படி நிரப்பினாலும் குறுக்கெழுத்து ஆயிடும்ங்கறாரு. நல்லாத்தானே இருக்குன்னு தோணும், ஆனா அப்ப குறுக்க வர்ற வார்த்தை உங்க ஊகத்தைத் தப்புன்னு சொல்லவே முடியாது, பணம் குணம் கதைதான். மொழில கட்டுப்பாடு ரொம்ப அதிகமானா பெரிய கட்டம் கட்டவே முடியாது. அவர் கணக்குப்படி இங்கிலீஷ்ல அந்தக் கட்டுப்பாடு பாதிக்குப் பாதி, பெரிய குறுக்கெழுத்து சரியா அமையற அளவு.

அப்ப தமிழ்? நம்மகிட்ட ஒரு கட்டத்துல வரக்கூடிய எழுத்து 247. வார்த்தையும் மூணு நாலு கட்டத்துல முடிஞ்சுடும், அதனால ரெண்டு வார்த்தை ஒரே எழுத்துல சந்திக்கறது அபூர்வம், சந்திச்சுதுன்னா அந்த ஒரு எழுத்தே பாதி விடையைச் சொல்லிடும். அதோட புள்ளி வெச்ச எழுத்துல தமிழ் வார்த்தை ஆரம்பிக்காது. நம்ம பத்திரிகைல வலமிருந்து இடம், கீழிருந்து மேல்னு நாலு பக்கமும் வார்த்தை ஓடுது பாருங்க, எழுத்து வரிசை கலைஞ்சிருக்குன்னு காட்ட குழம்பியிருக்கிறார்னு வேற போடுவாங்க, அதெல்லாம் தயாரிக்கறவர் இந்த நெருக்கடில இருந்து தப்பிக்கக் கண்டுபிடிச்ச சந்துன்னுதான் நான் நெனைக்கறேன்.

அந்த சந்து எதுவும் இல்லாம மூணுக்கு மூணு கட்டத்தை முழுசா நிரப்ப முடியுமா? போர்டைப் பாருங்க. மேல் வரிசை கவிதை, நடுவுல விடிய, கீழ தையல். மேலிருந்து கீழா படிச்சாலும் கவிதை, விடிய, தையல். மேல் வரிசைல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் ஒரு வார்த்தைக்கு மொதல் எழுத்து, இடது ஓரமும் அப்படித்தான், ஆக ஒன்பது கட்டத்துல அஞ்சுல புள்ளி எழுத்து வரவே கூடாது. இதுல இருக்கற ஒரே புள்ளி கடைசி மூலைல ல். கடல், மரம், அவன் எதுவும் மேல் வரிசைக்கு ஆகாது.

நாலுக்கு நாலு யாராவது முயற்சி பண்ணுங்க, ஊகிச்சே பண்ணுங்க, ஸ்டெப் கேக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், நாலெழுத்துதான்னாலும் "கணக்கு" மேல் வரிசைல வராது, நடுவுல க் இருக்கு. பிடிக்காதவங்க சந்தோஷப்படலாம். ரெண்டாவது வரிசைல வராம பாத்துக்கறது உங்க பாடு. கேள்வி இருந்தா கேளுங்க, பின்னாடி கை தூக்கினவர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.