சிறு துளியின் கணக்கு

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் மருத்துவப் பெருமக்களே, மூன்றாம் முறையாக இந்த அரங்கைத் தந்து உதவிய செயலாளர் அவர்களே, இரவுப் பணி முடித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இதயம், குருதிக்குழாய், குருதி ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். இதயத்தின் கதை முழுவதும் அந்தப் பழமொழிக்குள் அடங்கியிருக்கிறது.

உண்ட உணவிலிருந்து கல்லீரல் குருதியை உண்டாக்குகிறது, உடல் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்றார் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன். அதை மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் என்ன செய்தார்? கத்தியோடு கணக்கையும் கையில் எடுத்தார்! இதயம் ஒருமுறை சுருங்கினால் எவ்வளவு குருதி வெளியேறும்? வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டார். அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு? ஆயிரத்துக்கு மேல். பெருக்கினார். உடலில் உள்ள மொத்தக் குருதியையும் விஞ்சி நின்றது விடை. இன்றைய அளவை வைத்து நீங்களும் என்னோடு பெருக்குங்கள். துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஏறத்தாழ 5 லிட்டர். அரை மணிக்கு 150 லிட்டர்! எதைத் தின்று எந்தக் கல்லீரல் இவ்வளவு சுரக்கும்? போன குருதிதான் திரும்பி வருகிறது என்று 1628-இல் நூலாகவே வெளியிட்டார். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் தமனியிலிருந்து, அதை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கு அது கடக்கும் வழியை மட்டும் அவர் கண்ணால் காணவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் அவ்விரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார். அதைக் கேட்க ஹார்வி இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

சிரைகளின் வால்வுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரமில்லை, குருதிக்கு வந்துவிடுகிறேன். பாலூட்டிகளின் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே துறந்து, முழு உடலையும் ஆக்சிஜன் சுமக்கும் ஈமோகுளோபினுக்குக் கொடுத்துவிடுகிறது. மனித உடலில் அது சுமார் 120 நாள் உழைத்து மடிகிறது. ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் அணுக்களைப் படைக்கிறது. நண்பர்களே, நீங்கள் ஒருமுறை கொடையளிப்பது அரை லிட்டருக்கும் குறைவு. நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும் அணுக்கள் சில வாரங்களிலும் நிரம்பிவிடும். ஆனால் குருதி வங்கியில், குருதி உறைய உதவும் தட்டணுக்கள் 5 நாள் போலத்தான் தாங்கும். போன வாரம் வந்த கூட்டம் இந்த வார நோயாளிக்கு உதவாது. சிறு துளி பெருவெள்ளம்தான், துளி விட்டுவிடாமல் விழுந்தால்!

வாயிலில் பதிவேடு வைத்திருக்கிறோம். கொடுக்கத் தகுதியா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். குருதி வகை தெரியாதவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.