குதிரைப் பையில் ஒரு சின்னப் புத்தகம்

வணக்கம். அவசர சிகிச்சை பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸை விட்டுவிட்டுக் குதிரையில் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பக்கம், லெஸ்லி என்று ஒரு மாவட்டம். 1920களில் அங்கே தார் ரோடு கிடையாது, ஓடைதான் பாதை, மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற நர்ஸ் 1923-இல் இந்த மலைகளைக் குதிரையில் சுற்றி, வீடுகளில் பிரசவம் பார்த்துவந்த 53 மருத்துவச்சிகளிடம் பேசினார். செல்வாக்கான குடும்பத்துப் பெண்தான், ஆனால் பெற்ற இரண்டையும் பறிகொடுத்தவர்: மகள் பிறந்த சில மணி நேரத்தில், மகன் நாலு வயதில். பிறகு இங்கிலாந்து போய் முறையாகப் பிரசவம் பார்க்கப் படித்து, ஸ்காட்லாந்தின் மலைகளிலும் தீவுகளிலும் வைத்தியம் எப்படி நடக்கிறது என்றும் பார்த்துவிட்டு, 1925-இல் கென்டக்கியில் வேலையைத் தொடங்கினார். ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ் என்று அது பெயர் வாங்கியது.

புருஷன் எப்படியாவது நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் போதும், நர்ஸ் எப்படியாவது அவன் மனைவியிடம் போய்ச் சேர்ந்துவிடுவார், ஆறு பெருகினாலும் சரி. இதுதான் அவர்கள் வைத்திருந்த கணக்கு. பிரசவத்துக்கு 5 டாலர். காசில்லாதவர்கள் வைக்கோல் கொடுத்தார்கள், வேலி கட்டிக் கொடுத்தார்கள்.

குதிரையில் நர்ஸ் என்றதும் எல்லாருக்கும் போட்டோதான் ஞாபகம் வரும். எனக்குக் குதிரையின் முதுகில் தொங்கிய பைதான் பெரிது. பிரசவத்துக்கு ஒரு ஜோடிப் பை, பொது வைத்தியத்துக்கு இன்னொரு ஜோடி. கூடவே டாக்டர்கள் குழு ஒன்று எழுதிக்கொடுத்த சின்னப் புத்தகம்: இந்த நிலையில் இந்த மருந்தை நீயே கொடு, இந்த நிலை வந்தால் டாக்டருக்கு ஆள் அனுப்பு. நடுராத்திரியில் ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, டாக்டரோ மலைக்கு அந்தப்பக்கம். பையில் மருந்து இருந்தும் கொடுக்க அனுமதி இல்லையென்றால், அத்தனை தூரம் நனைந்து வந்தும் நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். நானே வார்டில் அப்படி நின்றிருக்கிறேன். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

1928-இல் ஹைடன் என்ற ஊரில் சின்ன ஆஸ்பத்திரி திறந்தார்கள். நடக்க முடியாத நோயாளியை ஊர் ஆண்கள் ஸ்ட்ரெச்சரில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி மலையிறக்கிக் கொண்டுவருவார்கள். 1939-இல் யுத்தம் வந்ததும் அங்கே வேலை பார்த்த பிரிட்டிஷ் நர்ஸுகள் பலர் ஊர் திரும்பிவிட, வேறு வழியில்லாமல் நர்ஸுகளுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியைச் சொந்தமாகவே ஆரம்பித்தார்கள்.

கூடுதலாகப் படித்து, நோயைத் தானே பார்த்து மருந்து கொடுக்கும் நர்ஸை இன்று நர்ஸ் பிராக்டிஷனர் என்கிறோம். அந்தப் பெயரெல்லாம் அப்போது கிடையாது. 1965-இல் கொலராடோவில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து தொடங்கிய படிப்பில்தான் அது பிறந்தது. அதே வருஷம் பிரெக்கின்ரிட்ஜ் 84 வயதில் இறந்துபோனார். ஐந்து வருஷம் கழித்து, 1970-இல், ஹைடன் பள்ளியிலும் அந்தப் படிப்பு வந்தது. அதற்குள் குதிரைகள் போய் ஜீப் வந்திருந்தது.