அச்சு அவிய வீட்ல, மாவு நம்ம வீட்ல

மக்களே, எல்லாரும் சுகமா இருக்கியளா? இன்னைக்கு டிசம்பர் 20. மழை இப்பதான் கொஞ்சம் வெறிச்சுது, அதான் போனைத் தூக்கிட்டு முற்றத்துக்கு வந்தேன். பின்னால டப்பு டப்புன்னு ஒரு சத்தம் கேக்கும், அது ஓட்டுல இருந்து தண்ணி சொட்டுறது. பொறுத்துக்கோங்க.

ரெண்டு வாரமா வீடியோ போடல்ல. ஸ்டார் போட்டாச்சா, புல்கூடு வச்சாச்சான்னு கேட்டுட்டே இருந்திய. சென்னையில இருந்து ஒரு தங்கச்சி, 'அது என்னக்கா புல்கூடு, நாங்க குடில்னுதான சொல்லுவோம்'னு கேட்டிருந்தா. கன்னியாகுமரி மாவட்டம்லா, 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர்காரங்க மோளே. ஊரு இந்தப் பக்கம் வந்துட்டு, நாக்கு பாதி அங்கயே நிக்குது.

ஸ்டார் போட்டாச்சு. தெருவுல எல்லாரும் ஒண்ணாந்தேதியே மின்ன விட்டுருவாவ. எங்க மாமி மட்டும் கோட்டாறு சவேரியார் திருநாள் முடியட்டும்பாவ, அது 3-ந்தேதி. பெறவுதான் பெட்டியைத் திறக்கவே விடுவாவ. ஸ்டார் போடுறது எப்பவும் எங்க வீட்டுக்காரரு வேலை. இந்த வருஷம் அவரு கத்தார்ல. லீவு உண்டுன்னு சொல்லிட்டே இருந்த கம்பெனி நவம்பர் கடைசியில கையை விரிச்சுட்டு. பெறவு திருவனந்தபுரம் டிக்கெட்டும் ரெண்டு மடங்கு ஆச்சு. 'செரி, ஏப்ரல்ல வாறேன்'னாரு. நானும் செரின்னேன். வேற என்னத்தச் சொல்ல? மோளு ஒண்ணும் பேசல்ல. பழைய ஸ்டார் பெட்டியை எடுத்துட்டு வந்து என் முன்னால வச்சுட்டு படிக்கப் போயிட்டா. அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை வேற. நானே ஏணி போட்டு ஏறிக் கட்டினேன். கொஞ்சம் சரிஞ்சுதான் நிக்குது, பாருங்க. அந்தக் கீழ வாலு எரியல்ல.

செரி, விஷயத்துக்கு வாறேன். விஷயம் அச்சுமுறுக்கு.

அச்சுன்னா சும்மா கடையில வாங்குற அச்சு இல்ல. எங்க கீழவீட்டு அக்கா வீட்ல ஒரு பித்தளை அச்சு உண்டு. அவிய அம்மைக்க அம்மை காலத்து அச்சு. பிடியில துணி சுத்தி, அந்தத் துணியே எண்ணெய் குடிச்சுக் கறுத்துப் போயிருக்கும். எங்க தெருவுல அஞ்சு வீட்டு கிறிஸ்மஸ் அந்த ஒரே அச்சுலதான் நடக்குது. ஒரு வீட்ல சுட்டு முடிச்சா அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நிக்கும். நாங்க ஆர்.சி., கத்தோலிக்கக்காரங்க. அவிய எல்.எம்.எஸ்., பழைய லண்டன் மிஷன் சபை. அது சி.எஸ்.ஐ. ஆகி எத்தனையோ காலமாச்சு, எங்க ஊர்ல இன்னும் எல்.எம்.எஸ்.னுதான் சொல்லுவோம். எங்களுக்கு 24 ராத்திரி பூசை, அவியளுக்கு விடியக்காலம் ஆராதனை. நாங்க கோயில்ல இருந்து வந்து படுக்கையில அவிய குளிச்சுட்டு இருப்பாவ. ஆனா அச்சு ஒண்ணுதான்.

இந்த வருஷம் அந்த அச்சைக் கேக்க எனக்கு வாயி வரல்ல. ஏன்னா ஐப்பசி மழையில எங்களுக்குள்ள சண்டை.

தப்பு எம்பேர்லதான், இப்ப சொல்லுதேன். அப்ப சொல்லல்ல. ஆடி மாசம் முற்றத்துல இன்டர்லாக் கல்லு போட்டோம். பார்க்க நல்லா இருக்கு, செருப்புல மண்ணு ஒட்டாது. ஆனா முன்ன மண்ணு குடிச்ச தண்ணி எல்லாம் இப்ப எங்க போவும்? நேரா சரிவுல இறங்கி அக்கா வீட்டுக் கிணத்து மூட்டுல போயி நிக்குது. அவிய வந்து, 'பிள்ள, எங்க கிணறு கலங்குது'ன்னு நல்லபடியாத்தான் சொன்னாவ. நான் அன்னைக்கு என்ன நினைப்புல இருந்தேனோ, 'மழைக்கு நான் என்ன செய்ய, மேல பாத்துக் கேளுங்க'ன்னுட்டேன். அன்னையில இருந்து ரெண்டு மாசம். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போடும்போது முகத்தைத் திருப்பிக்கிடுவாவ. நானும்தான்.

அதான் வீம்புக்கு மார்த்தாண்டத்துல போயி புது அச்சு ஒண்ணு வாங்கினேன். ராத்திரி முழுக்க கஞ்சித்தண்ணியில ஊறப்போட்டேன். மாவுல ஒரு குறையும் இல்ல. பச்சரிசி மாவு, தேங்காப்பால், சீனி, முட்டை, எள்ளு. அச்சை முக்காவாசிதான் மாவுல முக்கணும். முழுசா முக்குனா மேல மூடிக்கிடும், பெறவு கழறாது. எல்லாம் தெரியும். முதல் முறுக்கு ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுட்டு. ரெண்டாவது பாதி வந்துது. மூணாவது ஈர்க்குச்சி வச்சுக் குத்திக் குத்தி எடுத்தா வெறும் தூளு. தேங்காண்ணெய் விக்குற விலையில மக்களே, அடுப்புல கொதிக்குது எண்ணெயா என் வயிறான்னு தெரியல்ல. மாமா ரப்பர் வெட்டுதாவ. மழையில பட்டையில தண்ணி ஓடுனா வெட்டு கிடையாது, பாலு சிரட்டைக்கு வராம தண்ணியோட ஒழுகிப் போவும். கார்த்திகை முழுக்க பாதி நாளு வெட்டு இல்ல. அந்தக் கணக்குல வாங்குன எண்ணெய் அது.

மாமி அடுக்களை வாசல்ல இருந்து பாத்துட்டே இருந்தாவ. முட்டுவலி, எந்திரிக்க முடியாது. ஒண்ணும் பேசல்ல. மோளைக் கூப்பிட்டு, 'மக்ளே, கீழவீட்ல போயி பாட்டி அச்சு கேட்டான்னு சொல்லு'ன்னாவ. பாட்டி கேட்டான்னு. அம்மா கேட்டான்னு இல்ல. அதைக் கவனிச்சியளா?

அஞ்சு நிமிஷத்துல பிள்ளை வந்துட்டா. பேப்பர்ல சுருட்டுன அச்சு, கூட ஒரு சேதி. 'நாளைக்குச் சாயங்காலம் அச்சு திரும்பி வரணுமாம். ஓடைக்கு பைப்பு எப்ப போடுவியன்னு அத்தை கேட்டாவ.' எனக்கு ஒரே கோவம். அச்சைத் தந்துட்டு கணக்குக் கேக்குறாவளேன்னு. மாமி சிரிச்சுட்டு, 'அச்சு தந்தாளா இல்லியா, சுடு'ன்னாவ.

சுட்டேன். அந்த அச்சு எண்ணெயில கிடந்து சூடாகி, மாவுல முங்கும்போது 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சுரும், இது கழறும்னு. ஒரு உதறு, பூ மாதிரி எண்ணெயில மிதக்குது. 60 முறுக்கு, ஒண்ணு உடையல்ல. புது அச்சு ஜன்னல்ல கிடக்குது. யாருக்காவது வேணுமா?

முந்திரிக்கொத்து முந்தின நாளே ஆச்சு. அதுல முட்டை இல்லல்லா, அதான் முதல்ல அது. மேலவீட்டு அண்ணன் மாலை போட்டிருக்காரு, மண்டல பூசை முடியிறது வரைக்கும் சாமிதான். அவிய வீட்டுக்கு இறச்சிச் சட்டி அடுப்புல ஏறுறதுக்கு முன்ன முந்திரிக்கொத்து போயிரணும். முந்திரின்னா முந்திரிப்பருப்பு போடலியான்னு வருஷா வருஷம் கேப்பிய. அது திராட்சைக்கொத்து மாதிரி மூணு மூணா ஒட்டி இருக்கதால வந்த பேரு. உள்ள வறுத்த சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான்.

அதுல ஒரு பொட்டலம் மீன்கார அக்காவுக்கு. குளச்சல்ல இருந்து பஸ்ஸுல எங்க திருவட்டாறு பக்கம் வருவாவ, 15 வருஷமா. இந்த வாரம் மூணு நாளு காணல்ல. நேத்துதான் வந்தாவ, சட்டியில பாதிதான் மீனு. மவன் கொச்சியில இருந்து போட்டுல போயிருக்கான், 22-க்குள்ள கரைக்கு வந்துருவேன்னு சொன்னானாம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாளு. அதுக்குப் பெறவு கிறிஸ்மஸ் வந்தா அவியளுக்கு ஸ்டாரு, கேக்கு ஒண்ணும் நினைப்புல இல்ல. போனு மணி அடிக்குதா, அது மட்டுந்தான். மீனை நிறுத்திட்டு இருக்கும்போதே ரெண்டு தடவை எடுத்துப் பாத்தாவ. 25-க்கு மறுநாள் மட்டும் இந்தப் பக்கம் வரமாட்டாவ. 2004-க்குப் பெறவு ஒரு 26-ந்தேதியும் வந்தது கிடையாது. நாங்களும் கேக்க மாட்டோம். முந்திரிக்கொத்தை வாங்கி முந்தானையில முடிஞ்சுட்டு, 'அவன் வந்துட்டு சொல்லுதேன்'னு போனாவ.

செரி, அச்சுக்கு வாறேன். திருப்பிக் குடுக்கையில ஒரு தட்டு முறுக்கும் சேத்து அனுப்பினேன். தட்டு மட்டிப்பழத்தோட திரும்பி வந்துது. மோளு, 'அம்மா, அத்தை சமாதானம் ஆயாச்சு'ன்னா. ஒண்ணும் ஆவல்ல. தட்டை வெறுசா அனுப்பக் கூடாது, அதுக்கு வச்ச பழம். எனக்குத் தெரியாதா.

பைப்பு போட ஆளு தேடினா, இந்த வாரம் இந்த மாவட்டத்துல ஒரு கொத்தனாரு கிடைச்சா சொல்லுங்க. எல்லாருக்கும் அவசர அவசரமா வெள்ளையடிக்கணும், வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாடிட்டு கேரல் வாறதுக்கு முன்ன. கடைசியில நேத்து சாயங்காலம் மாமாவும் நானும் ஓரத்துல ஒரு வரி கல்லைப் பெயர்த்துட்டோம். மம்பட்டி எடுத்து ரோட்டு ஓடை வரைக்கும் சாலு ஒண்ணு வெட்டியிருக்கு. கையைப் பாருங்க, கொப்பளம். கத்தார்ல இருந்து வீடியோ கால்ல பாத்துட்டு, 'ஐயோ என் கல்லு'ன்னு ஒரே சத்தம். வந்து போடுங்கன்னு சொல்லிட்டேன், ஏப்ரல்ல.

இன்னைக்கு ராத்திரி எங்க கோயில் கேரல். நாசிக் டோல் அடிச்சுட்டு வருவானுவ, காணிக்கைக் கவரு எல்லாம் எடுத்து வச்சாச்சு... இருங்க, மழை தொடங்கிட்டு. பெருசாத்தான் வருது. கேமராவைத் திருப்புதேன், நாங்க வெட்டுன அந்தச் சாலு, பாருங்க. தண்ணி வருது... வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தியளா, அக்கா குடை பிடிச்சுட்டு நிக்காவ. அவியளும் அதைத்தான் பாக்காவ. நிறைஞ்சுட்டு, நிறைஞ்சுட்டு... ஆ, ரோட்டுப் பக்கம் திரும்புது. திரும்புதுல்லா? அந்த மூலையில மண்ணு கொஞ்சம் இடியுது, மம்பட்டி எங்க? மக்ளே, போனைப் பிடி...