குளிரக் குளிரக் கம்பி என்ன செய்யும்?

விழாத் தலைவர் அவர்களே, கல்வித் துறை அதிகாரிகளே, மேடைக்கு மின்விசிறி கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர்களே, கடைசியில் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம். வேலூர் வெயிலில் உட்காரவைத்துக் குளிரைப் பற்றிப் பேசுவது கொடுமைதான்.

மூன்று செய்திகள். மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு, குளிரில் ஏன் குறைகிறது, எங்கே நிற்கிறது, காந்தப்புலம் அதை என்ன செய்கிறது.

கம்பியில் மின்சாரத்தைச் சுமந்து ஓடும் எலக்ட்ரான்களை அணுக்களின் அதிர்வு சிதறடிக்கிறது. குளிர்ந்தால் அதிர்வு அடங்கும், தடை இறங்கும். ஆனால் கம்பியில் கலந்த மாசு குளிருக்கு அசையாது. அந்த மிச்சத் தடை நின்றுவிடும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.

நெதர்லாந்தின் லைடன் நகரத்து இயற்பியலாளர் காமர்லிங் ஆன்னஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். கடுங்குளிரில் எலக்ட்ரான்களே உறைந்து தடை ஏறும் என்பது கெல்வின் பிரபுவின் எண்ணம். பிளாட்டினத்தையும் தங்கத்தையும் குளிர்வித்தால் ஏறவும் இல்லை, மறையவும் இல்லை, மாசுதான் காரணம். மனிதர் மாட்டை மாற்றினார், அதாவது உலோகத்தை! பாதரசத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்கலாம் அல்லவா? வடித்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி, உறையவைத்தார். 1911 ஏப்ரல் 8-இல் ‘பாதரசம் ஏறக்குறைய பூஜ்யம்’ என்று நோட்டில் குறித்தார். பிறகு நிதானமாக அளந்தபோது தெரிந்தது: 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், தடை சட்டென்று விழுகிறது. ஈயம் 7.2 கெல்வினிலேயே மீக்கடத்தி, அதாவது தடையே இல்லாத கடத்தி. நல்ல கடத்திகளான தாமிரமும் வெள்ளியும் ஆவதே இல்லை!

காந்தப்புலத்தை வேறொரு மேடைக்கு வைத்துக்கொள்வோம். நான் வந்தது வேண்டுகோளோடு.

ஹீலியம் நமக்கு எட்டாது, நைட்ரஜன் எட்டும். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான உறைவிந்து 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி, திரவ நைட்ரஜனில்தான் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் இரண்டு லிட்டர் அரசுப் பள்ளி ஆய்வகத்துக்கும் வரட்டும்.

36-ஆம் எண் (SWG தடிமன் அளவு) எனாமல் தாமிரக் கம்பி 10 மீட்டரைச் சுருளாக்குங்கள். 100 மில்லிஆம்பியர் செலுத்தினால் சுமார் 600 மில்லிவோல்ட் காட்டும். நைட்ரஜனில் மெதுவாக இறக்கி, கொதிப்பு அடங்கியதும் பாருங்கள்: 80-க்குப் பக்கம். மல்டிமீட்டரில் ஓமை நேரே அளக்காதீர்கள். அதன் வயர்களின் தடையும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். மின்னோட்டத்துக்கு இரண்டு வயர், வோல்ட்டுக்குத் தனியாக இரண்டு. பக்கத்தில் யுரேகா என்னும் தாமிர-நிக்கல் கலவைக் கம்பிச் சுருளையும் இறக்குங்கள், அதன் தடை அவ்வளவாக அசையாது. ஆடிக் கறக்கிற மாடு எது, பாடிக் கறக்கிற மாடு எது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஊற்றுவது ஆசிரியர் வேலை. கண்ணாடி அணியுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், குடுவையை இறுக மூடாதீர்கள். திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 மடங்கு விரியும், குடுவை வெடிக்கும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைமையாசிரியர்கள் பள்ளி முத்திரையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்.