ஓடு என்கிற சொல்லும் ஓடாத தண்ணீரும்

(தருமபுரியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, பேத்தியின் காதுகுத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் எங்கள் பழைய தலைமையாசிரியை அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் விவசாயத் தோழர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் தம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் கேட்ட தடித்த அகராதியைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

ஆங்கிலத்தில் 'ரன்' என்கிற வினைச்சொல்லைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். அது எங்கிருந்து வந்தது, அதற்கு எத்தனை பொருள், 'ரன் அவுட்', 'ரன் இன்டு' போன்ற கூட்டுச் சொற்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதப் பீட்டர் கில்லிவர் என்பவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினையாக மட்டும் அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் நாம் மட்டும் என்ன? கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, கணக்குப் போட உட்கார்ந்தால் மூளை ஓடவில்லை. இதெல்லாம் யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததா? அதனால் 'ரன்' என்றால் பிள்ளைகள் பயப்பட வேண்டியதே இல்லை.

சரி, பிறப்புக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இது 'ரின்னன்'. அதன் உறவான ஜெர்மன் 'ரின்னென்' இன்றைக்கும் நீர் வழிவதையும் ஒழுகுவதையும்தான் குறிக்கிறது. கால் ஓடுவதோடு தண்ணீர் ஓடுவதும் ஆதியிலிருந்தே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சிற்றோடைக்கு ஆங்கிலத்தில் 'ரன்னல்'. நமக்கும் ஓடு, ஓடை இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிய வைக்கும் 'ரென்னட்' கூட இந்தக் குடும்பம்தான். பால் ஒன்றாக ஓடிச் சேர்ந்து கட்டியாகிறது என்று அந்தக் காலத்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர் என்றதும் எனக்கு ஔவை வாக்கு வந்துவிடுகிறது. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ். அதியமான் ஆண்ட தகடூரில் நின்றுகொண்டு ஔவையைச் சொல்லாமல் எப்படி?

நான் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஏழாம் வகுப்பு. முதல் நாளே கரும்பலகையைக் கரி பூசித் துடைத்து வைத்திருந்தோம். பிள்ளைகள் எல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேரே நடுவகுப்புக்கு வந்து, "ரன் வைத்து ஆளுக்கொரு வாக்கியம்" என்றார். முதல் பெஞ்சுப் பெண், "ராமா ரன்ஸ்" என்றாள். அடுத்தவன், "டாக் ரன்ஸ்." அதற்கடுத்தவன், "கேட் ரன்ஸ்." நாயும் பூனையுமாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன், தக்காளி போடுகிற வீட்டுப் பிள்ளை, சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. எழுந்து நின்றான். "வாட்டர் ரன்ஸ், சார்."

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "எங்கே?" என்றார். "ஒகேனக்கல்ல, சார்." "உங்கள் ஊரில்?" பையன் கொஞ்சம் யோசித்தான். "எங்க ஊர்ல மதர் ரன்ஸ், சார்" என்றான். அவன் அம்மா விடியுமுன்னே இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகப் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு ஓடுகிறவர். வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதே ஓட்டம். அதிகாரி அவன் தோளில் கை வைத்தார். அப்புறம் வேறு யாரையும் அவர் கேட்கவில்லை. (கைதட்டல்)

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றால், ஆறு இருந்தும் தண்ணீர் இல்லாத ஊரை என்னவென்பது? காவிரியைப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள், ஒகேனக்கல்லில் நாம் பார்க்கிறோம், மேட்டூருக்குப் போய்விடுகிறது. வெள்ளம் வந்தால் பரிசல் ஓட்டத் தடை என்று செய்தி வரும். அதே நாளில் நம் ஏரியில் மாடு மேயும். போர்வெல் போட்டுப் போட்டுப் புளோரைடு குடித்து, பல்லெல்லாம் பழுப்பேறிய தலைமுறை நம்முடையது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, நன்றி. ஆனால் குழாய்த் தண்ணீரால் ஏரி நிரம்பாது, கிணறு ஊறாது.

அதனால்தான் வெள்ளக் காலத்து உபரி நீரை மேலேற்றி நம் ஏரிகளில் விடுங்கள் என்று கேட்கிறோம். அதைக் கேட்கும்போதே நம் வேலையையும் பார்க்க வேண்டும். நாளைக்கே தண்ணீர் வந்தாலும் அது எந்த வழியாக ஏரிக்குள் போகும்? வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் நிற்கிறது, பாதியில் வீட்டு மனைக் கல் நிற்கிறது. வருவாய்த் துறைக் கணக்கில் 'ஓடை புறம்போக்கு' என்று இன்னும் இருக்கிறது, நிலத்தில்தான் ஓடையைக் காணோம். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ். நம் ஊரில் ஓடையும் பாழ்.

வாசலில் மேசை போட்டு ஒரு படிவம் வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் ஏரியின் பெயர், அதன் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். தெரிந்தவரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஒவ்வோர் ஊரிலும் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும். கூட்டுச் சொற்கள் வேண்டும் என்கிற மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வாருங்கள், நான் இருப்பேன். டீ தயாராகிவிட்டதாம். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் குடிக்கலாம். நன்றி, வணக்கம்.